தந்தையார் விருப்பமும் தமிழ்க் கல்வியும்

உ. வே. சாமிநாதையர் (1855–1942) இளமை வரலாற்றை ஆராயுமிடத்து, தந்தையார் வேங்கடசுப்பையரின் செயல் நம் கருத்தை ஈர்க்கின்றது. இசைவாணராகிய அவர், மகனும் இசையிற் சிறத்தலையே விரும்பினார். பிறர் சிலர் ஆங்கிலத்தையும் வடமொழியையும் பரிந்துரைத்தனர். மகனோ தமிழையே நாடினார். தந்தையார் தடுத்திலர். வறுமையிடையும் நல்லாசிரியரை நாடிக் குன்னம், கார்குடி எனக் குடும்பத்தையே பெயர்த்துச் சென்றார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாமே சேர்ப்பித்தார். அங்கும் அவர் சொற்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப்பயிற்சி, பிள்ளையவர்கட்கு உவப்பின்மையின் நின்றது. தம் விருப்பம் ஈடேறாத பின்னும் தந்தையார் தாங்கிய இவ்வலைச்சலே மகனுக்கு வழி திறந்தது என்பது எம் துணிபு. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி சாமிநாதையர்க்கு வாய்த்தது. ஆங்கிலக் கல்வி தழைத்த நிலையத்திலேயே தமிழ் கற்றவர் வாழ்வு பெற்றதை, அன்று ஆங்கிலத்தைப் பரிந்துரைத்தோர் எதிர்பார்த்திரார்.