முதுபரியின் பல்லும் தீனியும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில் இணுவில் என்னும் ஊர் அமைந்துள்ளது. செம்மண் தோட்டங்களுக்கும் இசைக்கும் பேர்பெற்ற அவ்வூரிலே பரராசசேகரப் பிள்ளையார் கோயில், செகராசசேகரப் பிள்ளையார் கோயில் என இரு பழைய ஆலயங்கள் விளங்குகின்றன. பரராசசேகரன், செகராசசேகரன் என்பன யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்கள். இதே பெயர்களைத் தாங்கிய வைத்திய நூல்களும் அவ்வரசர் காலத்தில் எழுந்தன. அவை மனிதரின் பிணிகளையும் அவற்றைத் தீர்க்கும் மருந்துகளையும் விரிப்பன.

மனிதருக்கு வைத்தியம் வகுத்தவர்கள், மனிதரைச் சுமந்த குதிரைக்கு என்ன வகுத்தார்கள்? இளமையில் போருக்கும் பயணத்துக்கும் உழைத்த குதிரை முதுமையுற்றுப் பல் தேய்ந்தபின், அதற்கு எத்தகைய உணவு அளித்தார்கள்? இவ்வினா சிறியதாகத் தோன்றினும், அதன் விடை பல நூற்றாண்டுகளின் வரலாற்றைத் தழுவி நிற்பதாகும்.

முதலில் குதிரையின் பல்லியல்பை அறிதல் வேண்டும். நமது பல் முளைத்து முற்றியபின் வளர்வதில்லை. குதிரையின் கடைவாய்ப்பல்லோ தாடையெலும்பினுள் நெடிது மறைந்திருந்து, மேற்பகுதி தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் அளவு மேலெழுந்துகொண்டே இருக்கும். மணலும் மண்ணும் கலந்த முரட்டுப் புல்லை நாள்முழுதும் அரைப்பதற்கு இயற்கை அளித்த முதல் அது. ஆனால் அம்முதலுக்கும் ஓர் எல்லை உண்டு. இருபது வயதைக் கடந்த குதிரைகள் பலவற்றில் அது ஏறக்குறையச் செலவாகிவிடுகின்றது.

வேறொரு குறையும் உண்டு. குதிரையின் மேல்தாடை அகன்றது, கீழ்த்தாடை ஒடுங்கியது. ஆதலால் மேற்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் தேயாமல் கத்திமுனைபோற் கூர்மையடைந்து, கன்னத்தையும் நாவையும் புண்படுத்தும். புண்பட்ட குதிரை தீனியை மென்று பாதியிலே உருண்டையாகக் கீழே உமிழும். சாணத்திலே தானியம் முழுமையாக வெளிப்படும். வாய் நாறும், விலா எலும்பு தோன்றும். மனிதனுக்குப் பல் போனால் சொல் போயிற்று என்பர். குதிரைக்குப் பல் போனால் உயிரே போய்விடும்.

குதிரையின் பல்லை இந்நாட்டு நூலோர் கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்று உண்டு. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தமது பிருகத்சங்கிதையிலே பல்லைக்கொண்டு குதிரையின் வயதை அறியும் முறையைக் கூறுகின்றார். வெண்ணிறமான ஆறு பற்கள் ஓராண்டுக் குட்டிக்கு உரியன. அவை பழுப்பேறின் இரண்டாண்டு. நடுப்பல், அடுத்த பல், ஓரப்பல் என முன்பற்கள் முறையே விழுந்து முளைக்கும் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டுவரை. அதன்பின் மும்மூன்று ஆண்டுக்கு ஒரு குறியாகக் கருமை, மஞ்சள், வெண்மை, கண்ணாடி நிறம், தேன் நிறம், சங்கு நிறம் என்பன தோன்றும். பின்பு பல்லில் குழி விழும், பல் அசையும், இறுதியில் உதிரும்.

இன்றைய விலங்கு வைத்தியர்கள் குதிரையின் பாற்பற்கள் இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதளவில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன என்பர். பழைய கணக்கு இதற்கு மிக அணித்தாய் நிற்கின்றது. இளமை கடந்தபின் பல்லைப் பார்த்துக் கூறும் வயது உத்தேசமே என்பதும் இன்றைய துணிபு.

உணவைப்பற்றிய பழங்குறிப்பு கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திற் கிடைக்கின்றது. குதிரைகளின் அதிகாரிக்கு உரிய கடமைகளைக் கூறும் பகுதியிலே அரிசி, யவம் முதலிய தானியங்களைப் பாதி வேகவைத்தும், பயறு அல்லது உழுந்தை வேகவைத்தும் கொடுக்க வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. எண்ணெயும் உப்பும் இறைச்சியும் அளவோடு சேர்க்கப்படும். தீனி உருண்டையை நனைப்பதற்கு இறைச்சிச்சாறோ தயிரோ வேண்டுமாம். போரினாலோ நோயினாலோ முதுமையினாலோ தளர்ந்த குதிரைகளுக்கு உயிர்தாங்கும் அளவு உணவு அளிக்க வேண்டுமெனவும் அந்நூல் கூறுகின்றது. உழைக்க இயலாத விலங்குக்கும் அரண்மனைக் களஞ்சியத்தில் ஒரு பங்கு உண்டென்று சட்டமே வகுத்தமை நினைக்கத்தக்கது.

இத்துணை அறிவு ஏட்டில் இருந்தும், நாட்டில் நிகழ்ந்தது வேறு. பாண்டி நாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருவாதவூரர் கோயிற் பணிக்குச் செலவிட்ட கதையை அறியாதார் இலர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகக் குடாவின் கீசுத் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மாபார் என்னும் பாண்டி நாட்டுக்கு அனுப்பப்பட ஒப்பந்தம் இருந்ததெனவும், குதிரை ஒன்றுக்கு 220 பொற்றீனார் விலையெனவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார்.

அக்காலத்தில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளுட் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்தன என்கின்றார். அதற்கு அவர் காட்டும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவரும் குதிரை வைத்தியரும் அங்கு இல்லாமையே. வைத்தியரை வணிகர்கள் வேண்டுமென்றே வரவிடவில்லை என்றும் அவர் கூறுகின்றார். குதிரை செத்தால்தானே மறுபடியும் குதிரை விற்கும்! வேகவைத்த சோறும் இறைச்சியும் குதிரைக்கு இட்டதையும் அவர் வியந்து குறிக்கின்றார். அர்த்தசாத்திர விதியை நோக்கின், அது வெறும் அறியாமையன்று, பழைய மரபொன்றின் சாயலாகலாம் என்பது புலனாகும். எனினும் விதி இருந்தென்ன? குதிரையின் வாயைத் திறந்து பார்க்கும் கை இல்லையேல் விதி ஏட்டோடு நின்றுவிடும். முதுமை எய்துமுன்பே மாண்ட குதிரைக்கு முதுமையின் வைத்தியம் ஏது?

யாழ்ப்பாணக் கடலிலும் இவ்வரலாற்றின் ஒரு கிளை உண்டு. தீவுகளுள் நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே குதிரைகள் வளர்க்கப்பட்டன. அங்குக் குதிரை வளர்த்த செய்தியை ஆங்கிலப் படைவீரரான இராபர்ட்டு பெர்சிவல் 1803 இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். ஆங்கிலேயர் காலத்தில் வளர்ப்பு கைவிடப்பட்டபின் குதிரைகள் வெளியில் திரியலாயின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவிற் கூட்டமாக மேய்கின்றன. பழைய இலாயத்தின் தூண்களும் எஞ்சி நிற்கின்றன. 2015 இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கட்டின்றித் திரியும் அக்குதிரைகளைக் காண்பது இனிது. ஆயினும் காட்டுவாழ்வில் முதுகுதிரையின் முடிவு பெரும்பாலும் பல்லாலேயே வருகின்றது. காலடியிற் புல் இருந்தும் அரைக்க இயலாது மெலியும்; கோடையில் நீரும் வற்றினால் முதலில் விழுவது அதுவே. திரியும் குதிரையின் வாயில் எவரும் அரம் இட இயலாது. குடிநீரையும் மேய்ச்சல் நிலத்தையும் காத்தலே அவற்றுக்குச் செய்யத்தக்க வைத்தியம்.

இலாயத்திற் குதிரை வைத்திருப்போரின் கடமை இதனினும் பெரிது. ஆண்டுக்கு ஒருமுறையும், முதுமையில் இருமுறையும், தேர்ந்த விலங்கு வைத்தியர் வாயைத் திறந்து பார்த்துக் கூரிய விளிம்புகளை அரத்தால் தேய்த்துச் சமன்செய்தல் வேண்டும். நீண்ட உலர்புல்லை மெல்ல இயலாத குதிரைக்கு அதனைப் பொடியாக நறுக்கி நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். கொள்ளை இரவில் ஊறவைத்து வேகவைத்து மசித்துத் தவிட்டுடன் கலக்கலாம். ஆயினும் தானியம் மிகுந்தால் வயிற்றுவலியும் குளம்பு நோயும் வரும். குதிரையின் இரைப்பை உடலை நோக்கச் சிறியது. அது உண்டதைக் கக்கவும் இயலாதது. மெல்லும்போதே உமிழ்நீர் சுரப்பதால் நன்கு மெல்லாத தீனி தொண்டையில் அடைக்கும். ஆதலால் நனைந்த உணவைச் சிறுசிறு வேளைகளாகப் பிரித்தளித்தலே முறை. தூயநீரும் உப்புக்கட்டியும் எந்நேரமும் எட்டும்படி இருத்தல் வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. சந்தையிலே பல்லைப் பார்ப்பது விலைக்காக. அதே பல்லை இலாயத்திலே பார்ப்பது உணவுக்காக. முன்னதைச் செய்தோர் எக்காலத்திலும் பலர். பின்னதைச் செய்தோர் சிலர். தளர்ந்த குதிரைக்கும் உணவு அளக்கவேண்டுமென விதித்த பழைய நூலின் நோக்கம் நிறைவேறுவது அச்சிலரின் கையாலேயே ஆகும்.