சில்லும் சுவடியும்

1990களில் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் விற்ற வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களைக் கண்டவர்கள், கார்ட்ரிட்ஜ் என்பது விளையாட்டைப் பதிந்து வைத்த நினைவகம் மட்டுமே என எண்ணியிருக்கக்கூடும். நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமில் (1990) நிலைமை வேறு. அதன் செயலி மெதுவானது. விற்றுவிட்ட கருவியை மாற்றவும் இயலாது. எனவே, கணக்கிடும் சில்லைக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே பொருத்தினர். ‘சூப்பர் மரியோ கார்ட்’ (1992) டி.எஸ்.பி.-1 சில்லையும், ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ (1993) சூப்பர் எஃப்.எக்ஸ். சில்லையும் சுமந்து வந்தன.

நினைவட்டையில் கோப்புகளை இட்டு விளையாடும் இக்கால ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜுக்கு இடர் இங்கேதான். கோப்பை நகலெடுக்கலாம், சில்லை? டி.எஸ்.பி.-1இன் உள்நிரலை வெளியிலிருந்து படிக்க வழியில்லை. அது தரும் விடைகளைக் கொண்டு உள்ளே நடப்பதை ஊகித்தே ஆர்வலர்கள் நெடுங்காலம் ஒப்பேற்றினர். 2010 அளவில் சில்லின் மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கிவழிப் படமெடுத்து, நிரலைப் பிட் பிட்டாகப் படித்தெடுத்தனர். புள்ளியில்லா ஓலையில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்த நம் பதிப்பாசிரியர்கள் இவர்களுக்கு ஒருவகையில் முன்னோரே. (ஓலையை அவர்கள் அமிலத்தில் இடவில்லை, அவ்வளவுதான்!)

‘எஸ்.டி.2.ஸ்நெஸ்’ என்னும் ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜில் எஃப்.பி.ஜி.ஏ. உண்டு, எந்தச் சில்லின் சுற்றமைப்பை விவரித்து ஏற்றுகிறோமோ அச்சில்லாகவே இயங்குவது அது. சூப்பர் எஃப்.எக்ஸ்.-க்கு அவ்விவரிப்பு எழுதி முடியப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை, கோப்பு முழுமையாகக் கையிலிருந்தும் அந்தக் கார்ட்ரிட்ஜில் ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ ஓடவில்லை.