டிரான்ஸ்ஃபர் கேஸ்: பழைய ஜீப்பில் தேய்மானமும் பழுதுபார்ப்பும்

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துவிடும் பெட்டி. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகளில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற வகை. ‘ஃபோர் வீல் போடுவதே அபூர்வம், அப்புறம் இது எப்படித் தேயும்?’ என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. இதில் பின் அச்சுக்குப் போகும் வழி கியர் பாக்ஸின் நேர்க்கோட்டில் இல்லை, வலப்பக்கம் விலகியிருக்கிறது. தார்ச்சாலையில் டூ வீலில் ஓடும்போதும் விசை முழுவதும் நடுவிலுள்ள இடைக் கியரைக் கடந்தே ஆகவேண்டும். பின்னாளில் வந்த டானா 20 வகையில் ஹை நிலையில் விசை நேராகப் போய்விடும்; அந்தக் கேள்வி அங்கே பொருந்தும்.

இடைக் கியர், சுழலாத ஒரு ஷாஃப்ட்டின்மேல் ஊசி பேரிங்குகளில் சுற்றுகிறது. ஷாஃப்ட் அசையாமல் நிற்பதால் சுமை எப்போதும் ஒரே பக்கத்தை அழுத்துகிறது; பள்ளம் விழுவதும் அங்கேதான். போர்க்கால ஜீப்பில் முக்கால் அங்குலமாக இருந்த இந்த ஷாஃப்ட்டை, தயாரித்தவர்களே பிற்பாடு ஒன்றேகால் அங்குலம்வரை தடிப்பாக்கினார்கள். பலவீனம் எங்கே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (உதிரிபாகம் வாங்கப் போகுமுன் விட்டத்தை அளப்பது இதனால்தான்.) இரைச்சல் கேட்டதும் கியரை மட்டும் மாற்றுவது வீண்செலவு. பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டின்மேல் புதுக் கியரும் கோணலாகவே பல் கோக்கும். லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துக் கடைந்தால் மலிவு என்பார்கள். ஊசிகள் நேரடியாக உருளும் கடினப்பட்ட மேற்பரப்பு அது. சாதாரண வெல்டில் அந்தக் கடினம் திரும்புவதில்லை. ஷாஃப்ட், ஊசிகள், இருபக்கத் திரஸ்ட் வாஷர்கள் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவதே கணக்குக்கு ஒத்துவரும். பழைய அசெம்பிளியை அப்படியே வாங்கிப் பூட்டலாமே என்றால், அதுவும் இதே சுமையைத் தாங்கிய பெட்டிதான். ஷாஃப்ட் உட்காரும் துளை முட்டையாகியிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கலாகாது.

நெய்வேலி மாதிரியான இடத்தில் இந்தத் தேய்மானம் விரைவுபடும். 1957-இல் வெட்டத் தொடங்கிய முதல் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடந்தது கடலூர் மணற்கல். ராட்சத வெட்டு எந்திரங்களின் பற்களையே அராவிய மண் அது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தமுள்ள ஊற்றுநீர், ஐப்பசி கார்த்திகையில் மேலிருந்து மழை. சேற்றில் லோ கியர் போட்டு ஏறும் வண்டியின் சீல் நைந்திருந்தால் மணல்நீர் உள்ளே போகும். வடித்த ஆயில் பால்போல வெளுத்திருப்பதே அடையாளம். பெட்டியின் பின்புறம் ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பதால், அங்கே கசிந்தால் பிரேக்கும் போயிற்று. சீல் மாற்றியும் கசிந்தால் குற்றம் சீலில் இல்லை, பின் ஷாஃப்ட்டின் டேப்பர் பேரிங் ஆட்டத்தில்; ஷிம் வைத்து அதை 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். கியர் பாக்ஸும் இதுவும் ஒட்டியிருப்பதால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறது, இரும்புத்தூளும் கூடவே. ஆகவே கியர் பாக்ஸையும் கழுவிவிட்டே, டிரான்ஸ்ஃபர் கேஸில் சுமார் ஒன்றரை லிட்டர் 90 நம்பர் ஆயில் ஊற்றுவார்கள்.