எரிசக்திக் கலந்துரையாடலில் மலையகத் தோட்ட அமைப்புகள்

மின்சாரம், விறகு, எரிவாயு, நீர்மின் திட்டம் போன்றவை குறித்து முடிவெடுக்கும் முன் அந்த முடிவோடு வாழப்போகும் மக்களுடன் பேசுவதும், அப்பேச்சை ஒழுங்குசெய்ய ஊரில் ஏற்கெனவே இயங்கும் சங்கங்களைப் பங்காளர்களாக அழைப்பதும் சமூக எரிசக்திக் கலந்துரையாடல் எனப்படும். இலங்கையின் மத்திய மலைநாட்டில், குறிப்பாக நுவரெலியா மாவட்டத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நோர்வூட் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், அந்த அழைப்பு யாருக்குப் போகிறது என்பதே முதற்கேள்வி. தோட்டத்தைப் பற்றிய கடிதம் துரையின் காரியாலயத்துக்கோ தொழிற்சங்க அலுவலகத்துக்கோ போய்ச் சேர்வதே நெடுநாள் வழக்கம். இவ்விரண்டையும் விட்டுவிட்டு அங்கே எதுவும் செய்ய முடியாது. ஆனால் லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் வாழும் குடும்பத்தின் அடுப்பும் மின்பட்டியலும் அவ்விடங்களின் அன்றாட அலுவல் அல்ல. கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம் என லயத்து மக்கள் தாமே நடத்தும் அமைப்புகளையும் சேர்த்து, முடிவு இன்னும் மாற்றத்தக்கதாக இருக்கும்போதே அழைத்தால்தான் கலந்துரையாடல் என்ற பெயருக்குப் பொருள் இருக்கும் என்பதற்கு இப்பகுதியின் வரலாற்றிலேயே போதிய சான்றுகள் உள்ளன.

நாட்டின் நீர்மின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த மலைகளில்தான் நிகழ்ந்தது. பிரித்தானியர் காலத்திலேயே தோட்டத் தொழிற்சாலைகள் ஓடைநீரில் சிறு சுழலிகளை இயக்கித் தேயிலை அரைத்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் தமது ஆய்வுரையில் மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீர்வலுவைப் பயன்படுத்தலாம் என்று வாதிட்டார். பல தடைகளுக்குப் பின் லக்ஷபான நிலையத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டைக் குடியுரிமைச் சட்டங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கமும் நோர்ட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாட் விமலசுரேந்திர நிலையமும் எழுந்தபோதும், 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியபோதும், சுற்றியிருந்த தோட்டங்களில் அபிப்பிராயம் கேட்கச் சட்டத்தின் கண்ணில் குடிமக்களே அநேகமாக இல்லை. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்தப் பழைய நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் வெளியே தெரிகின்றன. குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கட்டியது. ஆனால் கேட்காமலே செய்துவிடும் நிர்வாகப் பழக்கத்தை ஒரு சட்டத்தால் அகற்றிவிட முடியாது. மின்சாரம் உற்பத்தியாகும் பள்ளத்தாக்குகளுக்கு மேலேயே, 1990களிலும் அதற்குப் பின்னரும் பல லயங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தன என்பது அப்பழக்கத்தின் விளைவுகளில் ஒன்று.

சட்டப்படியான கலந்துரையாடல் நடந்ததற்குப் பெரிய எடுத்துக்காட்டு 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவந்த திருத்தம் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசமும் கொடுத்தது. தலவாக்கலையில் அணை கட்டி நீரைச் சுரங்கத்தில் திருப்பும் இத்திட்டம் அந்த வழியே வந்தது. கொழும்பிலிருந்த சுற்றாடல் அமைப்புகள் சென் கிளையர், டெவன் முதலிய நீர்வீழ்ச்சிகள் வற்றிப்போகும் என்று ஆவணங்களோடு வாதாடின. மத்திய சுற்றாடல் அதிகார சபை முதலில் அனுமதி மறுத்து, பின்னர் நிபந்தனைகளோடு இணங்கியது. கிளையாறுகளைத் திருப்பும் யோசனை கைவிடப்பட்டது. சென் கிளையருக்குப் பகல்வேளையில் நீர்விடும் ஏற்பாடு வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்ட மக்களின் இடப்பெயர்வை முன்வைத்து ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது. அந்த எதிர்ப்புக்கும் அரசியல் பேச்சுக்கும் பின்னரே கட்டுமானம் நடந்து, 2012இல் நிலையம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 500 குடும்பங்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. இந்த வரலாற்றிலிருந்து கலந்துரையாடல் வீண் என்ற முடிவுக்கு வருவோர் உண்டு. நான் நேர்மாறாகவே படிக்கிறேன். அமைப்பாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பெற்றார்கள். அருவிக்காகப் பேசியவர்கள் அருவிக்கு நீர் பெற்றார்கள். இடப்பெயர்வைப் பேசியவர்கள் வீடு பெற்றார்கள். லயத்து மின்னிணைப்பு, பீலித் தண்ணீர், விறகுக்கான காடு ஆகியவற்றைப் பேசும் அமைப்பு எதுவும் முறையாக அழைக்கப்படவில்லை. அவை பேரத்தின் மையத்துக்கு வரவும் இல்லை. அறிவித்தலை வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் போட்டு 30 நாள் காத்திருப்பது, கொழும்பில் வழக்கறிஞர் வைத்திருக்கும் சங்கத்துக்குப் போதும். கொழுந்து பறித்து இருட்டில் வீடு திரும்பும் ஒருவருக்கு அது அழைப்பே ஆகாது.

பெருந்திட்டங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை வருபவை. மின்கட்டணமோ மாதம் தவறாமல் வரும். 2022 ஆகஸ்ட் வரை மாதம் 30 அலகு பாவித்த வீடு, அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா கட்டியது. அந்த ஆகஸ்ட் உயர்வில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்றானபோது அதே வீட்டின் பட்டியல் 1,300 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் நிர்ணயித்த 1,000 ரூபாவாகவே இருந்தது. ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போட்டாலும் ஒரு மாத வெளிச்சத்துக்குக் காணாது. அவ்வாண்டு ஜூலையில் இந்தக் கீழ்ப்படியின் கட்டணம் கணிசமாகக் குறைந்தது உண்மைதான். இடைப்பட்ட மாதங்களில் இணைப்பைத் தக்கவைக்கச் சாப்பாட்டிலோ கடனிலோ எதைக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன என்பது எந்தக் கட்டண மனுவிலும் பதியாத கணக்கு.

இத்தகைய கணக்கைக் கேட்பதற்கான கதவு சட்டத்தில் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தன் தீர்மானத்தால் பாதிக்கப்படக்கூடிய ஆட்களையும் குழுக்களையும் கலந்தாலோசிக்க வேண்டியது. கட்டணத் திருத்தங்களின்போது எழுத்திலும் வாய்மொழியிலும் அது கருத்துக் கேட்கிறது. 2024 டிசம்பர் இறுதியில் தொடங்கி ஒன்பது மாகாணங்களிலும் வாய்மொழி அமர்வுகள் நடந்தன. அப்போது மின்சார சபை கட்டணத்தை மாற்றாமல் வைத்திருக்கவே முன்மொழிந்திருந்தது. ஆணைக்குழு 2025 ஜனவரி 17 முதல் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது. அமர்வுகளில் ஒலித்த குரல்களே இதற்கு ஒரே காரணம் என்று சொல்வது மிகை. செலவுக் கணக்குகளும் இருந்தன. ஆயினும் முடிவு முன்கூட்டியே பூட்டப்பட்டிருக்கவில்லை என்பது தெளிவு. அப்படியானால் மாகாணத்துக்கு ஓர் அமர்வு என்ற ஏற்பாட்டின் குறை இன்னும் கூர்மையாகிறது. மஸ்கெலியாவின் மேற்பிரிவிலிருந்து வேலைநாளில் அதற்குப் போய்வரும் தொழிலாளிக்கு அன்றைய பேர் போகும்; பேருந்துக் காசும் கைக்காசுதான். அந்தச் செலவை ஓர் அமைப்பு ஏற்று, பத்துத் தோட்டங்களின் பட்டியல்களைத் திரட்டி, இருவரை அனுப்பினால் நிலைமை வேறாகும்.

தோட்டத்தில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சங்கம் சம்பளத்திலிருந்து பிடிக்கும் சந்தாவில் இயங்குகிறது. ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்களும் அவற்றுக்கு வேறுவேறு தலைவர்களும் இருப்பது சாதாரணம். மரண உதவிச் சங்கம் அந்தப் பிரிவினையைத் தாண்டியது. சாவு வந்த வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கட்சி பார்ப்பதில்லை. மாதாமாதம் வசூலித்துக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் சிறுதொகையைப் பொறுப்பாகக் கையாளும் பழக்கமும் அதற்கு உண்டு. கோயில் கமிட்டி திருவிழாவுக்கு வீடுவீடாக வரி எடுக்கிறது. தற்காலிக மின்னிணைப்பு, மின்பிறப்பாக்கி வாடகை ஆகியவற்றைப் பேசித் தீர்த்த அனுபவமும் அதற்குண்டு. மாதர் சங்கம் இவற்றினும் முக்கியமானது, ஏனெனில் தோட்ட வீடுகளில் சமையல் இன்னும் பெரும்பாலும் விறகில்தான் நடக்கிறது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு எப்போது கிடைக்கும், எந்த யூக்கலிப்டஸ் காட்டில் பொறுக்க விடமாட்டார்கள், புகையில் எந்தப் பிள்ளைக்கு இருமல் என்பதெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரிந்தவை. எரிசக்தி என்றால் மின்சாரம் என்று எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் இந்த அறிவு முழுவதும் வெளியே நின்றுவிடுகிறது. இவற்றோடு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும், வீடமைப்புக்கென உருவான தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. அவற்றில் நிர்வாகத்துக்கும் இடமிருப்பதால் அவை பாலமாக இருக்கலாம், தொழிலாளரின் குரலாக எண்ணப்பட முடியாது. மின்கசிவால் லயம் எரிவது போன்ற விடயத்தில் அந்தப் பாலம் அவசியம். தொடர்ந்து ஒரே கூரையின் கீழ் இருக்கும் காம்பிராக்களில் ஒன்றில் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோகும். பழைய கம்பிகளை மாற்றுவது எந்தத் தனி வீட்டாலும் ஆகாத காரியம்.

மக்கள் அமைப்புகள் வெளியே நிற்கும் இந்நிலைக்கு மாறான அனுபவம் ஒன்று இலங்கையிலேயே உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கிராமங்களில் 1990களிலிருந்து, இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு போன்ற அமைப்புகளின் உதவியோடும் பின்னர் உலக வங்கிக் கடன்திட்டங்களின் வழியாகவும், ஓடைகளில் சிறுசிறு நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஒவ்வொன்றையும் மின் நுகர்வோர் சங்கம் ஒன்று நடத்தியது. கால்வாய் வெட்டும் உழைப்பைப் பங்கிட்டது, மாதக் கட்டணத்தை நிர்ணயித்தது, யார் அளவுக்கு மேல் பாவிக்கிறார் என்று கண்காணித்தது எல்லாம் அச்சங்கமே. பொறியியல் நிபுணர்கள் நிறைந்த சங்கங்கள் அல்ல அவை. இதே ஓடைகளும் இதைவிட உயரமான வீழ்ச்சிகளும் உள்ள தோட்டப்புறத்தில் அம்முறை பரவாததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிலமும் ஓடைக்கரையும் தோட்டத்துக்குரியவை. குடியிருப்போருக்கு அவற்றின்மேல் பேச்சுரிமை இல்லை. டிக்கோயாவில் 1996இல் தொடங்கித் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் தேசிய வலையமைப்போடு இணைந்து மின்சாரம் விற்றன. லயத்துச் சங்கம் எதுவும் அப்படி விற்கவில்லை. கூரைச் சூரியசக்தித் திட்டம் 2016இல் தொடங்கியபோதும் இதே முடிச்சு. கூரை யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் தகடு பொருத்துவது எப்படி? 7 பேர்ச் நிலத்தோடு தனிவீடு பெற்ற குடும்பங்களுக்கே இப்போது அந்தக் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. ஆகவே தோட்டத்து எரிசக்திப் பேச்சு உடைமைப் பேச்சாகவும் மாறியே தீரும். அழைப்பவர் அதற்குத் தயாராக வர வேண்டும்.

தொழிற்சங்கங்கள் தேர்தலிலும் சந்தாவிலும் நிரூபிக்கப்பட்ட பிரதிநிதிகள். அவற்றைத் தாண்டிக் கோயில் கமிட்டியை அழைப்பது தொழிலாளர் ஒற்றுமையைக் குலைக்கும் என்று ஒரு மறுப்பு உண்டு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சங்கங்களைப் பிளந்து வைப்பதில் நிர்வாகங்களுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. ஆனால் சங்கம் பேரம்பேச உருவானது கூலிக்காக. ஓய்வுபெற்ற முதியவர், கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளின் குடும்பம், தோட்டத்தில் பெயர் பதியாத இளைஞர் ஆகியோர் சந்தா கட்டுவதில்லை, மின்பட்டியல் மட்டும் கட்டுகிறார்கள். லயத்தில் வாழ்வோரில் தோட்டத்தில் வேலை செய்யாதோர் பெருகிவரும் காலத்தில் இந்த இடைவெளியைச் சங்கமே உணர வேண்டும். சங்கத்தின் நாற்காலியை எடுத்துவிட்டு மற்றவரை அமர்த்தும்படி யாரும் கேட்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் பெரும்பாலும் ஆண்களின் கையிலும், சில இடங்களில் ஒரு சாதியின் கையிலும் இருக்கின்றன என்பது. உண்மை. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களும் சிங்கள அயலவரும் கோயில் கமிட்டிக்குள் வருவதில்லை. ஒரேயோர் அமைப்பைத் தேர்ந்து அதையே ‘சமூகம்’ என்று கொள்ளக் கூடாது என்பதற்கான நியாயம்தான் இது. பல அமைப்புகளைச் சேர்த்தழைத்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுசெய்யும். மாதர் சங்கத்தின் கூட்டத்தைத் தனியே, பெண்களுக்கு ஓய்வுள்ள ஞாயிறு பிற்பகலில் வைப்பது மீதியில் ஒரு பகுதியைச் செய்யும். பொறியியல் விடயம் பாமரருக்குப் புரியாது என்பதற்கு மேற்சொன்ன மின் நுகர்வோர் சங்கங்களே பதில். தாமதமாகும் என்பதற்கு மேல் கொத்மலையே பதில்: 1980களில் ஆய்வு செய்யப்பட்ட திட்டம் 2012இல்தான் ஓடியது, அந்த இழுபறியில் பெரும்பங்கு முன்கூட்டிப் பேசாததால் வந்தது என்பது என் மதிப்பீடு.

அழைப்பை யார் அனுப்புவது என்பதும் மிச்சமிருக்கும் சிக்கல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தமே அதைத் தளர்த்தியது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் சபைகளிலிருந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகிய புதிய சபைகள் பிரிந்தன. தோட்ட மக்களுக்கு இவ்வளவு அருகில் ஓர் அரச மன்றம் அதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. கட்டணம் ஏறியிறங்கி ஆடிய ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தச் சபைகளில் உறுப்பினரே இல்லாமல் கழிந்தது. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைகள் சட்டம் இடம்தருகிறது. எரிசக்திக்கென ஒரு குழுவை அமைத்து அதில் மாதர் சங்கத் தலைவியையும் மரண உதவிச் சங்கப் பொருளாளரையும் உட்காரவைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை; அடுத்த கட்டண மனு வரும்முன் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் போதும்.