கத்தோலிக்கப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்க்கை: சேலம், நாமக்கல் மாவட்டங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களிலுள்ள கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகள், பத்தாம் வகுப்பு தேறியவர்களை மேல்நிலை முதலாம் ஆண்டில், அதாவது பிளஸ் ஒன்னில், சேர்த்துக்கொள்ளும் நடைமுறையைப் பற்றியது இக்கட்டுரை. மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் விண்ணப்பங்கள் தரப்படும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பெரும்பாலான இடங்கள் நிரம்பியிருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் விதி, அரசியல் சாசனம் சிறுபான்மையினருக்குத் தந்த உரிமை, பள்ளியை நடத்தும் மறைமாவட்டம் அல்லது துறவற சபையின் கொள்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு பிள்ளைக்கு இடம் உண்டா, எந்தக் குரூப்பில் என்பதைத் தீர்மானிக்கின்றன. மதிப்பெண் மட்டும் தீர்மானிக்கிறது என்று பெற்றோர் பலர் நம்புவது சரியல்ல.

பின்புலம்

இப்பகுதிக்குக் கத்தோலிக்கம் புதிதல்ல. 1623இல் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் பின்னாளில் இங்கே பணிசெய்தார்கள். 1930 மே 26 அன்று சேலம் தனி மறைமாவட்டமானது. பாரிஸ் சபையைச் சேர்ந்த ஆன்ரி புருனியே அதன் முதல் ஆயர். 1997 ஜனவரியில் இரண்டு பிரிவினைகள் நடந்தன: அரசு நாமக்கல்லைத் தனி மாவட்டமாக்கியது, திருச்சபை தருமபுரியைத் தனி மறைமாவட்டமாக்கியது. அன்றிலிருந்து சேலம் மறைமாவட்டம் என்பது சேலம், நாமக்கல் என்ற இரு வருவாய் மாவட்டங்கள்தான்.

மேல்நிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது 1978இல். அதற்கு முன் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். அதற்கு மேல் புகுமுக வகுப்பான பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். சங்ககிரியிலோ ராசிபுரத்திலோ உள்ள வீட்டார், பெண் பிள்ளையைப் பதினாறு வயதில் கல்லூரிக்கு அனுப்ப எளிதில் துணியவில்லை. பிளஸ் டூ வந்தபின் அதே படிப்பு, அறிந்த பள்ளியில், சிஸ்டர்களின் கண்பார்வையில் கிடைத்தது. இப்பகுதிப் பெண்கல்விக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் செய்த பெரிய உபகாரம் இந்த இரண்டு வகுப்புகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது.

பள்ளியின் வகை

சேர்க்கையில் முதலில் பார்க்க வேண்டியது பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை. சேலம் நகரின் லிட்டில் ஃபிளவர், செயின்ட் பால்ஸ் போன்றவை அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. குளூனி, ஹோலி கிராஸ் ஆகியவை மெட்ரிகுலேஷன் பள்ளிகள்; கட்டணத்தில் நடப்பவை. குளூனியை நடத்தும் கன்னியர் சபை, ஆன்-மரி ஜாவுஹே 1807இல் பிரான்சில் தொடங்கியது. 1827இல் புதுச்சேரிக்கு வந்தது. ஹோலி கிராஸ் திருச்சிலுவை அருட்சகோதரர்களுடையது. 2011இல் சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்புவரை வந்தபின் இரு வகைப் பள்ளிகளுக்கும் பாடநூல் ஒன்றே; பிளஸ் டூ பொதுத்தேர்வு முன்பிருந்தே ஒன்றுதான். ஆனால் பிள்ளைக்குப் பின்னால் கிடைக்கும் உரிமைகள் ஒன்றல்ல. சேர்க்கைக் கவுண்டரில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது; அடுத்த ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பத்தாம் வகுப்புவரை ஊர் அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பெண்ணை, ஒழுக்கமும் பாதுகாப்பும் கருதி பிளஸ் ஒன்னுக்குக் கான்வென்டில் சேர்க்கும் தகப்பன், அந்த நாளிலேயே மகளின் 7.5 உரிமையைக் கைவிடுகிறார். அவர் தெரிந்தே கைவிட்டால் அது அவர் முடிவு. தெரியாமல் கைவிடும்படி எந்தப் பள்ளியும் விட்டுவிடக் கூடாது.

பயிற்றுமொழிக்கும் இதே அளவு கவனம் வேண்டும். கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தொடங்கியது. 2024 டிசம்பரில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவரைச் சேர்த்துக்கொண்டது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவருக்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் அதற்குப் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில் இருந்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியில் நடக்கிறது. அதில் கட்டணமும் உண்டு, இந்தச் சலுகைகளும் இல்லை. ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த வகுப்பறைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு.

மதிப்பெண்ணும் குரூப்பும்

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண். இதை வைத்துத்தான் குரூப் பிரிக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் கொண்டது முதல் குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வைத்தது அடுத்தது. கணிதம் வேண்டாதவருக்குத் தாவரவியலும் விலங்கியலும் உள்ள பிரிவு. பிறகு கணக்குப் பதிவியல், வணிகவியல், பொருளியல் உள்ள மூன்றாம் குரூப். சில பள்ளிகளில் தொழிற்பிரிவு. எந்தக் குரூப்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பள்ளியே வகுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். சொந்தப் பள்ளியில் பத்தாவது முடித்தவர்களுக்கு முதலில் இடம் கொடுத்துவிட்டு மீதியை வெளியாருக்குத் தருவதே பரவலான வழக்கம். 2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80, வருகைப் பதிவுக்கு 20 என்று கணக்கிட்டார்கள்.

மூன்றாம் குரூப்பைக் குறைந்த மதிப்பெண்காரர்களின் ஒதுக்குப்புறமாக நடத்துவது இப்பகுதியில் பெரிய தவறு. நாமக்கல்லின் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளும், சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகளும் கணக்கு எழுதத் தெரிந்தவரை நம்பியே ஓடுகின்றன. வணிகவியலை விரும்பிக் கேட்கும் கெட்டிக்காரப் பிள்ளையைத் தலைமையாசிரியர் முதல் குரூப்புக்குத் தள்ள வேண்டியதில்லை.

நாமக்கல் சுற்றுவட்டாரம் நாடறிந்ததற்கு இன்னொரு காரணம் அங்குள்ள விடுதிப் பள்ளிகள். 2006-07இல் தமிழ்நாடு தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வை நீக்கி, பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்றானபோது, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் முறை இங்கே செழித்தது. 2017இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. அதே ஆண்டு நீட் நுழைவுத் தேர்வு வந்து மருத்துவச் சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணின் இடத்தைப் பிடித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை மறுபடி நீக்கியிருக்கிறது. பழைய வியாதி திரும்புமா என்பது பள்ளிகளின் நேர்மையைப் பொறுத்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் இந்தப் போட்டியில் முழுதாக இறங்காமல் இருந்தது அவற்றுக்குப் பெருமை. மதிப்பெண் விளம்பரத் தட்டியில் அவற்றின் பெயர் சிறிதாக இருந்ததை நான் குறையாக எண்ணவில்லை.

கத்தோலிக்கருக்கு முன்னுரிமை

அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. 29(2) பிரிவோ, அரசுப் பணம் பெறும் நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி மட்டுமே காரணமாக எவருக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் இணக்கப்படுத்த, 1991இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தம் சமூகத்தாருக்கு 50 விழுக்காடுவரை இடம் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கில் அந்த எண்ணைத் தளர்த்தி, உள்ளூர்த் தேவைக்கேற்ப அரசு வகுக்கட்டும் என்றது. மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு போன்றவற்றைத் தனியார் நிறுவனங்களுக்கு விரிக்க வழிசெய்யும் 15(5) பிரிவு, சிறுபான்மை நிறுவனங்களை விலக்கி வைக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டைச் சிலர் பிளஸ் ஒன்னிலும் கேட்கிறார்கள். அச்சட்டம் எட்டாம் வகுப்போடு முடிகிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும், இப்பகுதியில் கணக்கு வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரு மாவட்டங்களிலும் கிறிஸ்தவர் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டாலும் வகுப்பறையில் பெரும்பாலோர் இந்துக்களாகத்தான் இருப்பார்கள்; இருக்கிறார்கள். மதத்தால் இடம் போய்விடும் என்று அஞ்ச இங்கே காரணம் இல்லை.

முன்னுரிமை கேட்கும் கத்தோலிக்கக் குடும்பம் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தோடும் திருமுழுக்குச் சான்றிதழோடும் வரும். கோயிலுக்கு வருகிறார்களா, அன்பியம் எனப்படும் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டத்தில் இருக்கிறார்களா என்பதெல்லாம் சாமியாருக்குத் தெரியும். இந்த இடத்தில்தான் ஏழைக் கத்தோலிக்கர் பலருக்குச் சிக்கல் வருகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். 2009இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 விழுக்காடு, ஞானஸ்நானம் பெற்ற அருந்ததியர் பிள்ளைக்குக் கிடையாது. சேரியில் அவன் அனுபவிக்கும் ஒதுக்கம் மட்டும் ஞானஸ்நானத்தால் ஒரு துளியும் குறையவில்லை.

ஆகவே சில குடும்பங்கள் இந்து என்ற சாதிச் சான்றிதழோடும், ஞாயிறு திருப்பலியோடும் வாழ்கின்றன. அப்படிப்பட்டவரிடம் சேர்க்கைக்காகத் திருமுழுக்குச் சான்று கேட்டால், அந்தத் தாளே நாளை அவர் பிள்ளையின் சாதிச் சான்றுக்கு எதிராக நிற்கலாம். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து சென்ற வழக்கொன்றில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதம் மாறியோருக்குப் பட்டியல் சாதி நிலை தரலாமா என்று ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் ஆணையம் அமைத்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது: இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் மிஷனரிகள் பள்ளி கட்டினார்கள். இந்திய ஆயர் பேரவையின் 2007 கல்விக் கொள்கையும் வறியவருக்கும் விளிம்பில் நிற்பவருக்கும் முதலிடம் என்றே சொல்கிறது. தாள் இல்லாததால் அவர்கள் வரிசையில் பின்தள்ளப்பட்டால் பள்ளி தன் நோக்கத்தையே மறந்துவிட்டது என்று பொருள்.

ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் என்று சான்று உள்ளவருக்கு ஒரு தகவல். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையை ஆதிதிராவிடர் நலத்துறை மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் தருகிறது. பிளஸ் ஒன்னிலிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை

மாற்றுச் சான்றிதழ், தற்காலிக மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் நகல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் உள்ள எண். பழைய பள்ளி மாணவர் பெயரை எமிஸ் தளத்தில் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். சுயநிதிப் பள்ளி வாங்கக்கூடிய கட்டணத்தை 2009 சட்டப்படி அமைந்த குழு பள்ளிவாரியாக நிர்ணயிக்கிறது. நன்கொடை கேட்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பில் இடம் போதாதபோது யாருக்கு முதலிடம், யாருக்கு அடுத்தது என்பதை முன்கூட்டியே அச்சிட்டு வெளியிட்டாக வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். சேலம் மறைமாவட்டப் பள்ளிகளும் துறவற சபைப் பள்ளிகளும் இதைச் செய்ய எந்தச் சட்டமும் தடையில்லை. சொந்த மாணவருக்கு எத்தனை இடம், கத்தோலிக்கருக்கு எத்தனை, தாய் தந்தை இல்லாதவருக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் எத்தனை, தமிழ்வழியில் எத்தனை என்று ஏப்ரல் மாதமே வாசலில் ஒட்டலாம். ஒட்டாத பள்ளியில் இடம் கேட்டுப் போகும் பெற்றோர், தலைமையாசிரியரிடம் அந்த விவரத்தை எழுத்தில் கேளுங்கள். இடம் மறுக்கப்பட்டால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.