பாற்சுறாவின் பெயர் வரலாறு

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கோவளம் முதலிய கடற்றுறைகளிற் பிடிபடும் சிறு சுறாவொன்றைப் பால் சுறா என்கிறோம். மகவீன்ற தாய்மார்க்குப் பால் பெருக்கும் உணவென்று முன்னோர் கொண்டமையே இப்பெயர்க்குக் காரணம். மலையாளத்தார் பால் சிராவு என்பர். சிங்களவர் கிரி மோரா என்பர். தெலுங்கர் வழங்கும் பால சொர்ரா என்னும் பெயரை, விசாகப்பட்டின மீன்களைப் பற்றிய தமது 1803-ஆம் ஆண்டு நூலில் பாட்ரிக் ரஸ்ஸல் துரை எழுதிவைத்தார். யாவும் பாலையே குறிப்பன.

1837-இல் ஜெர்மானியராகிய ரூப்பெல், செங்கடலிற் கண்ட இதற்கு இலத்தீனில் அக்யூட்டஸ், அஃதாவது கூரியது, என்று பெயரிட்டார். அப்பெயரில் தாயுமில்லை, சேயுமில்லை. ஆங்கிலேயரோ நம் நாட்டு வழக்கைத் தழுவி மில்க் ஷார்க் என்றனர்.

நிற்க. 2020-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதனை அழிவை நோக்கும் இனங்களுள் வைத்தனர். சுறா அழியின் பெயர் வெற்றொலியாகும். ஆதலின் குஞ்சுச் சுறாவையும் சூற்சுறாவையும் கடலிலேயே விடுதல் நம்மவர் கடன்.