படம் பிடித்தவர் நின்ற இடம்

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்த சமூகங்களின் நிலை என்னவாயிற்று என்பதைக் கண்டறியுமாறு திருமறை மனிதனைப் பலவிடங்களில் தூண்டுகின்றது. ஏடுகளில் படிப்பதோடு அமையாது, நிகழ்ந்த இடத்திற்கே சென்று கண்ணால் காண்பதில் தனியொரு படிப்பினை உண்டு என்பதை இதனால் உணர்கின்றோம். கடந்த ஒன்றேமுக்கால் நூற்றாண்டாக அந்தப் படிப்பினைக்குப் பெருந்துணையாக ஒரு கருவி நம் கைக்குக் கிட்டியுள்ளது. அதுவே புகைப்படம்.

பழைய படமொன்றைப் பார்த்து வியப்போர் பலர். அப்படம் எடுக்கப்பட்ட இடத்தைத் தேடிச் சென்று, எடுத்தவர் நின்ற அதே புள்ளியில் நின்று பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலரின் முயற்சியால் வரலாறு பெற்ற பயன் யாது, நம் சமுதாயம் பெறவேண்டிய பயன் யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

டிரைப்பின் தமிழகம்

தமிழகத்தின் மிகப் பழைய புகைப்படங்களுள் தலையாயவை லின்னேயஸ் டிரைப் என்பவர் எடுத்தவை. இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். 1857 டிசம்பரில் பெங்களூரை விட்டுப் புறப்பட்டு, இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றிப் படமெடுத்தார். வட இந்தியா கிளர்ச்சித் தீயில் வெந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

மெழுகூட்டிய காகிதத்தில் ஒளியைப் பதிக்கும் முறையை அவர் கையாண்டார். படம் பதிய நீண்ட நேரம் பிடிக்கும். அந்நேரத்தில் நடந்து போனவர்களின் உருவம் பதியாது. ஆகவே மக்கள் நடமாட்டம் மிகுந்த வீதிகளும் மண்டபங்களும் அவருடைய படங்களில் ஆளரவமற்றுக் காட்சி தருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை அவர் ஒரு தொடராக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். 1860-இல் ஆளுநர் டிரெவெல்யன் செலவைக் காரணங்காட்டி அப்பதவியையே ஒழித்துவிட்டார்.

டிரைப் தாம் எடுத்த படங்களுக்கு ஊரையும் கட்டடத்தையும் பெயரிட்டுக் குறித்தார். இராயக்கோட்டைப் படமொன்றில், குன்றின் உச்சியிலிருந்து எத்திசை நோக்கி எடுக்கப்பட்டது என்பதும், நடுவே தெரிவது வீரபத்திர துர்க்கம் என்பதும் எழுதப்பட்டுள்ளன. இக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் ஒருவர் அக்குன்றின் மேல் ஏறி நின்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

அவ்வாறு ஒப்பிடுவதால் விளையும் தெளிவுக்கு மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை நல்லதோர் எடுத்துக்காட்டு. 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடத்தின் கூர்வளைவுகளிலும் குவிமாடங்களிலும் இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயலை எவரும் காணலாம். டிரைப் 1858-இல் கண்டது சிதைந்து கிடந்த அரண்மனையை. பத்தாண்டுகளுக்குப் பின் எட்மண்ட் லயன் என்ற மற்றொரு புகைப்படக்காரர், அரசின் ஆணைப்படி மதுரை முதலிய ஊர்களுக்கு வந்து படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அரண்மனையைப் பழுதுபார்க்கச் செய்தார். இன்று அம்முற்றத்தில் நின்று பழைய படத்தைக் கையில் ஏந்தினால்தான், நம் கண்முன் பொலிவது அனைத்தும் நாயக்கர் காலத்துப் பூச்சன்று என்பது விளங்கும்.

திருவரங்கத்திலும் இதே பாடத்தைப் பெறலாம். டிரைப் கண்ட காலத்தில் தெற்கு இராசகோபுரம் நிறைவுறாத பெருவாயிலாக நின்றது. 236 அடி உயரத்தில் அது முழுமை பெற்றது 1987-இல்தான். படத்தை அறியாதவர் அக்கோபுரம் முழுவதையும் பண்டைக் காலத்ததென்றே எண்ணிவிடக்கூடும்.

இடத்தைக் கண்டுபிடிக்கும் கலை

பழைய படத்தின் இடத்திற்குத் திரும்புவதை ஒரு முறைப்பட்ட ஆய்வாகவே வளர்த்தவர்களுள் அமெரிக்கரான மார்க் கிளெட் குறிப்பிடத்தக்கவர். 1977 முதல் 1979 வரை அவரும் அவருடைய தோழர்களும், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குப் பகுதியை அளந்த குழுக்களின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குச் சென்று மீண்டும் படமெடுத்தனர். அம்முயற்சி 1984-இல் நூலாக வெளிவந்தது.

அவர்கள் கையாண்ட முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டுவது. படத்தில் அருகே ஒரு பாறையும் தொலைவில் ஒரு முகடும் தெரிகின்றன என்று கொள்வோம. பாறையின் விளிம்பு முகட்டின் எந்த இடத்தை மறைக்கின்றது என்று நோக்க வேண்டும். நாம் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் அப்பொருத்தம் குலையும். வலப்பக்கம் நகர்ந்தால் வேறு விதமாகக் குலையும். படத்தில் உள்ளவாறே எல்லாம் பொருந்தும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். அதுவே படம் பிடித்தவர் நின்ற இடம். நிழலின் சாய்வு நாளின் நேரத்தையும் ஆண்டின் பருவத்தையும் காட்டிக்கொடுக்கும்.

இவ்வாறு சென்றவர்களுக்கு ஒரு வியப்பும் காத்திருந்தது. திமோத்தி ஓ'சல்லிவன் 1869-இல் யூட்டா மாநிலத்தில் எடுத்த பாறைப் படமொன்று உலகம் போற்றியது. அவ்விடத்தில் போய் நின்றபோதுதான், அவர் தம் கருவியைச் சாய்த்து வைத்து எடுத்திருந்தார் என்பது வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அறியாத உண்மை, இடத்தில் நின்றவர்களுக்குப் புலனாயிற்று. போற்றுவது வேறு, சரிபார்ப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வெள்ளிமலை தரும் பாடம்

மேற்கூறிய முறையில் மலைகளே நம்பத்தக்க சாட்சிகள். வீடு மாறும், வீதி மாறும், மரம் விழும். முகட்டின் வரை எளிதில் மாறாது. இதனை நம் கள்ளக்குறிச்சிப் பகுதியின் கல்வராயன் மலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கல்வராயன் மலையின் தலைமையிடம் வெள்ளிமலை. இங்கு வாழ்வோர் மலையாளி என வழங்கும் பழங்குடி மக்கள். இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின், 1976-இல்தான் அந்த ஜாகீர் முறை முடிவுற்றது. வெள்ளிமலை தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும், 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று.

வெள்ளிமலை எனக் குறிப்பெழுதிய பழைய படமொன்று கிட்டுமாயின், அதிலிருந்து எத்தனை செய்திகள் பெறலாம்! பின்புறத்தில் தென்னாற்காடு என்றிருந்தால் அது பெரும்பாலும் 1993-க்கு முற்பட்டதாகும். அடிவாரத்தில் கோமுகி அணை அமையும் பகுதியை நோக்கி எடுத்ததாயின், அதில் நீர்ப்பரப்பு தெரிகின்றதா இல்லையா என்பதைக் கொண்டு, அணை எழுந்த 1960-களுக்கு முன்னா பின்னா என்று தீர்மானிக்கலாம். முகட்டைக் கொண்டு இடத்தைக் கண்டறிந்து அங்கே நின்றால், புல் வேய்ந்த குடிசை இருந்த இடத்தில் இன்று இருப்பது என்ன, சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவில் மரவள்ளி ஏறியுள்ளதா, ஒற்றையடிப் பாதை தார்ச்சாலையாயிற்றா என்பன யாவும் தெளிவாகும். ஜாகீர் ஒழிந்ததால் மக்கள் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் காட்ட, அத்தகைய இரு படங்களை அடுத்தடுத்து வைப்பதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

ஆயின் அக்காலத்து வல்லார் மலைமக்களைப் படமெடுத்த முறை வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளிலும் படங்கள் உள்ளன. அவற்றுட் பலவற்றின் கீழ்க் குலத்தின் பெயர் உண்டு. நின்ற மனிதரின் பெயர் இல்லை. நின்ற இடமும் இல்லை. அரண்மனைக்கும் கோட்டைக்கும் கிடைத்த மதிப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இடம் எழுதப்பட்ட படம் சான்றாகின்றது. எழுதப்படாத படம் வெறும் காட்சியாக நின்றுவிடுகின்றது. அம்மனிதரின் பேரப்பிள்ளைகள் அவ்விடத்தைத் தேட விரும்பினாலும் எதைப் பற்றிக்கொண்டு தேடுவர்?

மக்காவின் பழைய படங்கள்

முஸ்லிம் இல்லங்கள் அனைத்தும் நெஞ்சில் ஏந்திப் போற்றும் படங்கள் புனித மக்கா, மதீனாவின் படங்களே. அவ்விரு நகரங்களையும் முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தவர் எகிப்திய இராணுவப் பொறியாளரான முஹம்மது ஸாதிக் பே. 1861-இல் அரபு நாட்டின் வழிகளை அளக்கச் சென்றபோது மதீனாவையும், 1880-இல் எகிப்திய ஹஜ் குழுவுடன் சென்றபோது மக்காவையும் அவர் படமெடுத்தார். 1881-இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அவருக்குப் பதக்கம் வழங்கப்பெற்றது. அதே பத்தாண்டில், மக்காவைச் சேர்ந்த மருத்துவரான அப்துல் கஃப்பாரும் அந்நகரைப் படமெடுத்தார்.

அந்நாளைய படங்களில் கஃபாவைச் சூழ்ந்து உதுமானியர் காலத்துச் சிறு குவிமாட வரிசைகளையும், அவற்றை ஒட்டிய வீடுகளையும், மேலே மலைகளையும் காண்கின்றோம். தெற்கே ஒரு குன்றின் மேல் அஜ்யாத் கோட்டை விளங்கிற்று. 2002-இல் அக்கோட்டை இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் சமமாக்கப்பட்டது. 601 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டோடு கூடிய மாடங்கள் 2012-இல் அங்கே நிறைவுற்றன. கஃபாவைக் கண்டுகொண்டிருந்த அபூகுபைஸ் மலையின் மேல் இன்று அரண்மனை உள்ளது.

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் பெருகிவரும் ஹாஜிகளுக்கு இடவசதி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவியலாது. எனினும் வெள்ளிமலையில் நாம் நம்பிய சாட்சியான மலையே மக்காவில் அகன்றுவிட்டது. ஸாதிக் பேயின் படத்தை ஏந்திச் செல்லும் ஹாஜி, கஃபாவைத் தவிர வேறெதனோடு அதைப் பொருத்திக் காண்பார்? அவ்விடங்களுக்கு இனி அப்படங்களே சான்று.

நாம் செய்ய வேண்டுவது

உயிருள்ளவற்றின் உருவத்தைப் படமாக்குவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனால் நம் பெரியோர் பலர் தம் படத்தை எடுக்க இசைந்தாரில்லை. கட்டடம், மலை, மரம் ஆகியவற்றைப் பற்றி அத்தகைய தடை கூறப்படவில்லை. இருந்தும் நம்மூர்ப் பள்ளிவாசல்களுக்கே பழைய படங்கள் அரிதாக உள்ளன. நம் முன்னோர் கருங்கல் தூண்களை நிறுத்தி, தமிழ்நாட்டுக் கட்டடக் கலையின் வழியில் எழுப்பிய இறையில்லங்கள் பலவற்றின் இடத்தில் காங்கிரீட் கட்டடங்கள் எழுந்துவிட்டன. தொழுவோர் பெருகும்போது இடத்தைப் பெருக்குவது கடமையே. ஆனால் இடிப்பதற்கு முன் நான்கு திசைகளிலிருந்தும் படமெடுத்து வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் இதனைத் தன் பணியாக ஏற்கலாம். வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் படங்களைத் திரட்டி, ஊர்ப் பெரியவர்கள் நினைவோடிருக்கும் போதே அவர்களிடம் காட்டிக் கேட்க வேண்டும். எங்கே நின்று எடுத்தது, எத்திசை நோக்கியது, எந்த ஆண்டு, தெரிகின்ற மீஸான் யாருடையது என்பவற்றைப் பின்புறத்தில் எழுதிவைக்க வேண்டும். பின்னர் இளைஞர்கள் அதே இடத்தில் நின்று புதிய படம் எடுத்து, இரண்டையும் ஒரே உறையில் சேர்க்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியிலேயே படமெடுக்கும் இந்நாளில் கருவி இல்லையென்று எவரும் கூறவியலாது. அதில் எடுக்கும் ஆயிரம் படங்களுள் ஒன்றிற்கேனும் இடக்குறிப்பு எழுதுகின்றோமா என்பதே கேள்வி.

இன்று நாம் எழுதும் ஒருவரிக் குறிப்பு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் பேரர்கள் வந்து நிற்கவேண்டிய இடத்தை அவர்களுக்குக் காட்டும். அந்நற்பணியைத் தாமதியாது தொடங்க அல்லாஹ் நமக்குத் துணைபுரிவானாக!